தொழிற்கூடத்தில் வழுக்கி விழுவதும் தடுக்கி விழுவதும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவைப் பகுதியின் பம்ப், மோட்டார் தொழிற்கூடங்களில் ஒருவர் விழுந்துவிட்டால் முதலில் எழும் கேள்வி, "பார்த்து நடக்கக் கூடாதா?" என்பதுதான். இருப்பவற்றிலேயே பெரிய தவறு இதுவே. கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டால், அவரை விழவைத்த தரையை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

லேத், கணினியால் இயங்கும் சிஎன்சி ஆகிய இயந்திரங்களின் அடியில் கசியும், வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் எண்ணெய்க் கலவையான கூலன்ட்டை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் மரத்தூள் தூவுவதும், வேஸ்ட் துணியால் ஒற்றியெடுப்பதும் வழக்கம். ஆனால், தளர்ந்த ஹோஸ் (குழாய்) இணைப்பையோ கசிவைத் தடுக்கும் தேய்ந்த சீல் வளையத்தையோ மாற்றாதவரை அடுத்த ஷிஃப்டுக்குள் அதே இடம் மீண்டும் நனைந்துவிடும். எண்ணெய் ஊறிய மரத்தூளோ தானே வழுக்குவதோடு தீ அபாயத்தையும் கூட்டும். வெறும் தண்ணீர் விட்டுக் கழுவினால் எண்ணெய் பரவத்தான் செய்யும். எண்ணெய் நீக்கும் கரைசலால் தேய்த்துக் கழுவி, தரை உலரும்வரை அவ்வழியை மூடிவைக்க வேண்டும்.

வழுக்கும்போது கால் முன்னே ஓட, உடல் பெரும்பாலும் பின்னால் சாய்கிறது. தடுக்கும்போது கால் நின்றுவிட, உடல் முன்னே பாய்கிறது; ஊன்றிய கையின் மணிக்கட்டு முறியலாம், அருகில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் கை அதற்குள்ளேயே போகலாம். நடக்கையில் கால்விரல் தரையிலிருந்து ஓரிரு சென்டிமீட்டரே உயர்வதால், சாக்கடை மூடியின் தூக்கிய விளிம்போ குறுக்கே கிடக்கும் ஏர் ஹோஸோ போதும். "ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறோம்" என்று நடைபாதையில் இறக்கிய பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) மாலைவரை அங்கேயே கிடக்க, ஆட்கள் நடைபாதையைக் குறிக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டி, சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓடும் வழியில் நடக்கிறார்கள்.

தரை, படி, நடைபாதை ஆகியவற்றைத் தடைகளும் வழுக்கும் பொருள்களும் இன்றி வைத்திருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவும், குழிகளை மூடவோ வேலியிடவோ வேண்டும் என்று 33ஆம் பிரிவும் விதித்தன. அப்பொறுப்பை ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிடுவது தகாது.

பார்வையை மறைக்கும் சுமை, தேய்ந்த செருப்பு, எரியாத விளக்கு ஆகியவற்றையும் அன்றன்றே கவனிக்க வேண்டும்.

"சின்ன அடிதானே" என்று ஒப்பந்தத் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவது கொடுமையான தவறு. மறுநாள் எலும்பு முறிவு தெரியவரும்போது, பதிவு இல்லாமல் அது பணியிட விபத்து என்று காட்டுவது கடினம். வேலைக்கு வர முடியாத நாள்களுக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வழங்கும் 90 சதவீத ஊதியமும் தாமதமாகும், மறுக்கப்படவும் கூடும். ஆகவே இடம், நேரம், தரையின் நிலை, பார்த்தவர் பெயர் ஆகியவற்றை ஷிஃப்ட் முடிவதற்குள் விபத்துப் பதிவேட்டில் எழுதி, ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும்.