ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய் எலக்ட்ரானிக் பொருள் வாங்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் விட்டபாடில்லை. யூனியன் பிரதேசத்தில் வரி குறைவு என்பதால் ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்த பிறகு, திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் வாங்கினாலும் பாண்டி நேரு வீதியில் வாங்கினாலும் வரி ஒன்றுதான். ஆனாலும் "அங்கே சீப்" என்ற நினைப்பில் போய், கடையில் கேட்ட சத்தத்தில் மயங்கி, கையிலிருந்த பணத்தில் முக்கால்வாசியை ரிசீவருக்கே (டிவி, பிளேயரிலிருந்து ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஸ்பீக்கருக்குக் காசு இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கிறது.

பட்ஜெட்டில் வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். காதில் விழும் சத்தம் எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் ஸ்பீக்கரும் அறையும்தான் முடிவு செய்கின்றன. ஒரே விலையில் உள்ள இரண்டு கம்பெனி ரிசீவர்களை மாற்றி மாற்றிக் கேட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஸ்பீக்கரை மாற்றினால் பக்கத்து அறையில் இருப்பவருக்கே தெரியும். மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் ரிசீவருக்குப் போகக் கூடாது என்பது என் கணக்கு.

அடுத்தது வாட். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். அட்டைப்பெட்டியில் "ஒரு சேனலுக்கு 145 வாட்" என்று பெரிதாக இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தைப் படியுங்கள்: 6 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு), 1 கிலோஹெர்ட்ஸ், 1 சேனல் மட்டும். அதாவது ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் மாட்டி, ஒரே ஒரு சுருதியை மட்டும் ஓடவிட்டு எடுத்த அளவு அது. சில கம்பெனிகள் 10 சதவீத டிஸ்டார்ஷன் வரை விட்டுப் பிடித்து அளப்பதும் உண்டு; 10 சதவீதம் என்றால் காது கூசும் அளவுக்கு ஒலி உடைந்திருக்கும். நீங்கள் தேட வேண்டிய வரி வேறு: 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 2 சேனல் ஒன்றாக ஓடும்போது, டிஸ்டார்ஷன் 0.1 சதவீதத்துக்குள். இந்தக் கணக்கில் அளந்தால் அந்தப் பெட்டியின் 145 வாட் 70, 80 என்று இறங்கிவிடும். ஐந்து ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் முழங்கினால் இன்னும் குறையும். ஆகவே இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது ஒரே முறையில் அளந்த எண்களைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். "பி.எம்.பி.ஓ. 5000 வாட்" என்று (விளம்பரத்துக்காகப் போடும் உச்ச வாட் கணக்கு) எழுதியிருந்தால் அந்தப் பெட்டியின் பின்பக்கம் திருப்பி, அது எத்தனை வாட் கரண்ட் இழுக்கிறது என்று பாருங்கள். இழுப்பதைவிட அதிகமாக எதுவும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

சரி, எவ்வளவு வாட் போதும்? வாட் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். கவனித்துக் கேட்டால்தான் அது தெரியும். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி (1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு ஒலி தருகிறது என்ற அளவு) 87-இலிருந்து 90 டெசிபலுக்குப் போனாலும் அதே பலன்தான், கரண்டும் மிச்சம். நம் வீடுகளில் 10க்கு 12 அடி ஹாலில், 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு எட்டடி தள்ளி உட்கார்ந்தால், 1 வாட்டிலேயே சுமார் 80 டெசிபல் வந்துவிடும். சண்டைக் காட்சியில் குண்டு வெடிக்கும் நொடிக்குத்தான் கூடுதல் வாட் வேண்டும். அந்த ஹாலுக்கு நேர்மையான 70 வாட் தாராளம். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் மட்டும் கவனம். விலை குறைந்த ரிசீவர்கள் பல 6 ஓமுக்குக் கீழே தாங்குவதில்லை. சூடேறித் தானாகவே அணைந்துவிடும்.

சப்வூஃபர் (அடித்தொனிக்கான தனி ஸ்பீக்கர்) விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். பழைய டிவிடி ஹோம் தியேட்டர் செட்டில் வந்த சப்வூஃபர் வீட்டில் கிடக்கும், அதையே மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். ரிசீவரில் சப்வூஃபருக்கு இருக்கும் ஓட்டை வெறும் சிக்னலை மட்டுமே தரும். சப்வூஃபருக்குள்ளேயே ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பகுதி) இருந்தால்தான் அது பாடும். பழைய செட்டில் வந்ததில் பெரும்பாலும் ஆம்ப் இருக்காது. ஆகவே ஆம்ப் உள்ள சப்வூஃபருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

கடைக்குக் கிளம்புமுன் உங்கள் டிவியின் பின்பக்கத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எச்.டி.எம்.ஐ. போர்ட்டுகளில் ஏதோ ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஆர்க் (ARC) அல்லது அதன் புதிய வடிவமான இ-ஆர்க் (eARC) என்று சின்னதாக எழுதியிருக்கும். டிவியிலேயே ஓடிடி பார்ப்பவர்களுக்கு அந்தப் போர்ட் வழியாகத்தான் ஒலி ரிசீவருக்கு வரும். இ-ஆர்க் இல்லாவிட்டால் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி முறை) வராது என்று கடையில் சொல்வார்கள். ஓடிடியில் வரும் அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவத்தில் இருப்பதால், டிவியும் ரிசீவரும் அதை ஏற்குமானால் சாதாரண ஆர்க்கே போதும். புளூ-ரேயில் இருக்கும் ட்ரூஎச்டி என்ற ஒலி வடிவம் டிவி வழியாக வர வேண்டும் என்றால்தான் இ-ஆர்க் தேவை. பிளேயரை நேராக ரிசீவரில் மாட்டினால் அதுவும் வேண்டாம். மாட்டியபின் பின்னால் உள்ள ஸ்பீக்கர்களில் சத்தமே வரவில்லை என்றால், டிவி செட்டிங்கில் ஆடியோ அவுட்புட் பி.சி.எம். என்று இருக்கிறதா பாருங்கள். அதைப் பாஸ்த்ரூ அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள். இது தெரியாமல் நல்ல ரிசீவரைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

அட்மாஸுக்காகவே வாங்குகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பெரும்பாலான 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ரிசீவர்களில் அட்மாஸ் கிடையாது. மேலே இரண்டு ஸ்பீக்கர் வைக்க 7 சேனல் ஆம்ப் வேண்டும், கான்கிரீட் கூரையில் வயர் இழுக்க வேண்டும், இரண்டு ஸ்பீக்கர் கூடுதலாக வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் முன்பக்க ஸ்பீக்கர்களையும் சென்டரையும் நல்லதாக வாங்கினால் வசனம் தெளிவாகக் கேட்கும். குறைந்த பட்ஜெட்டில் நான் அதைத்தான் சொல்வேன்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் எச்.டி.சி.பி. 2.2 (4கே படத்தைக் காப்பி எடுக்காமல் தடுக்கும் பாதுகாப்பு முறை) இல்லாத பழைய மாடலில் 4கே ஸ்டிக்கை (ஓடிடி பார்க்க மாட்டும் சின்னக் கருவி) மாட்டினால் படம் வராது, அல்லது தரம் குறைந்து வரும். ஸ்டிக்கை டிவியில் மாட்டி, ஒலியை மட்டும் ஆர்க் வழியாக எடுத்தால் வேலை முடிந்தது. ஆர்க்கும் இல்லையென்றால் ஆப்டிகல் கேபிள். அதில் டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் 5.1 வரை வரும், அட்மாஸ் வராது. பாண்டி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பெட்டி பளபளப்பாக இருக்கிறதே என்று வாங்காதீர்கள். ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, எல்லாச் சேனலையும் எல்லா எச்.டி.எம்.ஐ. போர்ட்டையும் சோதிக்க முடிந்தால் மட்டுமே வாங்கலாம். லோக்கலில் அசெம்பிள் செய்து தரும் 5.1 ஆம்ப் பாட்டுக்கு நன்றாகவே இருக்கும். கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அதில் டால்பி டிகோடர் போர்டு உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஸ்டீரியோவையே ஐந்தாகப் பிரித்துத் தரும், அவ்வளவுதான்.

பாண்டியில் பாதி வீட்டுக்கு பிரான்ஸில் சொந்தம் இருக்கும், கடலூர்ப் பக்கம் சிங்கப்பூரில். அங்கிருந்து ரிசீவர் வந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு நாட்டிலும் நம்மைப் போல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்தது 120 வோல்ட். நேராகச் சொருகினால் அன்றோடு போயிற்று. தனியாக ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வாரண்டி பெரும்பாலும் இங்கே செல்லாது என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

விலை உயர்ந்த ஸ்பீக்கர் வயர் வேண்டாம். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே போதும். அலுமினியத்தில் செம்பு பூசிய வயரை மட்டும் தவிருங்கள். கடற்காற்றில் செம்பு நுனி பச்சை பிடிக்கும், வருடம் ஒருமுறை நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் ரிசீவரை வைக்க வேண்டாம். தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் வந்தால் ரிசீவர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிடிஎச் வயர் வழியாகவும் மின்னல் பாய்ந்து எச்.டி.எம்.ஐ. போர்ட்டைக் கொல்லும், அதையும் கழற்றுங்கள். 2011-இல் வந்த "தானே" புயல், 2024-இல் வந்த "ஃபெஞ்சல்" புயல் மாதிரி ஒன்று அடித்து ஓய்ந்து கரண்ட் திரும்பும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். விளக்கு ஒரு மணி நேரம் நிலையாக எரிந்த பிறகு ரிசீவரைச் சொருகுங்கள்.