மூன்றாம் நாள் பால் கட்டியபோது

பிரசவம் முடிந்த மூன்றாம் நாள் இரவு மார்பு இரண்டும் கல்லாக இறுகிவிட்டன. காம்பு தட்டையாகிப்போனதால் பிள்ளை வாய் வைக்க முடியாமல் வழுக்கி வழுக்கி, அழுது களைத்துத் தூங்கிவிட்டாள். அம்மா விடாமல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார், வீக்கம்தான் கூடியது. சித்தியோ பால்பவுடர் வாங்கிவரத் தம்பியை விரட்டிவிட்டார்.

காலையில் வீட்டுக்கு வந்த செவிலியர் அக்கா பார்த்ததும், "இன்னும் ஒத்தடமா? போதும்" என்றார். வெதுவெதுப்பான துணி, பால் கொடுக்கும் முன் இரண்டு மூன்று நிமிடம் மட்டும். கொடுத்த பிறகு குளிர்ந்த ஈரத்துணி. வாய் வைக்கும் முன் முக்கியமான வேலை ஒன்று: காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்சை நோக்கி மெதுவாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் இளகிவிடும். அப்புறம் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் கருவட்டத்தின் ஓரத்தில் இருக்க, கொஞ்சம் பீய்ச்சினேன். காம்பை மட்டும் பிடித்து இழுத்தால் வலிதான் மிச்சம். முந்தின இரவு நான் செய்தது அதைத்தான்.

பீய்ச்சியதைப் பாலாடை என்ற சிறு மூக்குக் கிண்ணத்தில் புகட்டினோம். அடுத்த முறை வாயை அகலத் திறந்ததும் கருவட்டத்தோடு சேர்த்து வைத்தேன். தாடை மார்பில் ஒட்டியது, விழுங்கும் சத்தம் கேட்டது!

காய்ச்சலோ சிவப்போ வந்தால் உடனே மருத்துவரிடம் போகச் செவிலியர் அக்கா சொல்லியிருந்தார். வரவில்லை. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுத்தேன். ஆறாம் நாள் எண்ணிப் பார்த்தால் பிள்ளை சிறுநீரில் நனைத்த துணி 7; பால் போதுகிறது என்று தெரிந்தது. பவுடர் டப்பாவைக் கடைக்காரர் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.