எம்.டி.ஆர். டிபிக்கு (வழக்கமான முக்கிய மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு) மருந்து சாப்பிடுபவர் மனம் சோர்ந்தால் வீட்டில் என்ன செய்வது?

முதலில் மருந்துச் சீட்டை எடுங்கள். அதில் சைக்ளோசெரின் இருக்கிறதா? 18 முதல் 20 மாதம் வரை நீளும் சிகிச்சையில் பலருக்கு இதைக் கொடுக்கிறார்கள். சிலருக்கு இது மனச்சோர்வு, குழப்பம், தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோய்விடும். 'மனசுல தெம்பு இல்லாதவன்' என்று நாம் திட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் காரணம் மாத்திரையாக இருக்கலாம். கூடவே பி6 வைட்டமின் எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் கேளுங்கள். எத்தியோனமைடு இருந்தால் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சுருண்டு கிடப்பார்.

அழுதால்தான் மனச்சோர்வு என்று நினைக்காதீர்கள். என் தம்பி ஒரு நாளும் அழவில்லை. இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவான். போன் அடித்தால் கவிழ்த்து வைப்பான். குளோஃபாசிமின் என்ற டிபி மாத்திரையால் முகம் கறுத்ததும் சலூனுக்குப் போவதையே நிறுத்திவிட்டான், அங்கே கண்ணாடி முன்னால் உட்கார வேண்டுமே! மருந்து முடிந்தபின் அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல மங்கும். இதை அவரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கு வருகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

தட்டு, தம்ளரால் டிபி பரவாது, காற்றில்தான் பரவும். எப்போது பக்கத்தில் உட்காரலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சரி என்றதும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒதுக்கிவைப்பதைப் போல ஆளை நொறுக்குவது வேறில்லை.

'தைரியமா இரு' என்பதால் ஒன்றும் ஆகாது. "ராத்திரி தூங்குனியா? எந்த மாத்திரைக்கு அப்புறம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ அவர் முடிவு. நீங்களாக நிறுத்தினால் கிருமி மற்ற மருந்துகளுக்கும் அடங்காமல் போகலாம்.

மெடிக்கலில் மனச்சோர்வு மாத்திரை கேட்டு வாங்கவே கூடாது. லினசோலிட் என்ற டிபி மருந்தோடு சில மனச்சோர்வு மாத்திரைகள் சேர்ந்தால் ஆபத்து; பெடாகுவிலின் என்ற இன்னொரு டிபி மருந்தைச் சாப்பிடுபவருக்குச் சில மாத்திரைகள் இதயத் துடிப்பைக் கெடுக்கலாம். மனநல டாக்டரிடம் போகும்போது எல்லாச் சீட்டையும் கொண்டுபோங்கள்.

"செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரைகளை உங்கள் கையில் வைத்து வேளைக்கு வேளை கொடுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நடு ராத்திரி என்றாலும் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ல் தமிழில் பேசலாம்.