வீதி அடைபட்டாலும் அடுப்பு எரிய: மலையக வீட்டில் அவசர உணவு சேர்ப்பது எப்படி

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை கொட்டியபோது மலையகத்தில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்து வீதி அடைபட்டது, கரண்ட் போனது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முதல் இரண்டு நாளும் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மூன்றாம் நாள் தோட்டத்துக் கடையில் அரிசி முடிந்தது. டவுனிலிருந்து லொறி வராவிட்டால் கடைக்காரர்தான் என்ன செய்வார்? அன்றைக்கு மாவும் பருப்பும் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்த இரண்டு வீடுகள்தான் மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் ரொட்டி சுட்டுக் கொடுத்தன. நம் வீடும் அப்படி ஒரு வீடாக இருக்க வேண்டும் என்று அன்றுதான் முடிவெடுத்தேன். சம்பளக் காசிலேயே இதைச் செய்யலாம், அவசரப்படாமல் செய்தால் போதும்.

முதலில் கணக்கு

வீட்டில் சமைப்பவரிடம் ஒரு நாளைக்கு எத்தனை சுண்டு அரிசி போடுகிறார் என்று கேளுங்கள். ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டில் ஒரு கிலோ அரிசி, ரொட்டிக்கு அரைக்கிலோ கோதுமை மா, 200 கிராம் பருப்பு. அப்படியானால் மூன்று நாளைக்கு மூன்று கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ மா, 600 கிராம் பருப்பு. இதுதான் முதல் இலக்கு. அது சேர்ந்த பிறகு இரண்டு கிழமைக்குப் போங்கள்: 14 கிலோ அரிசி, 7 கிலோ மா, 3 கிலோ பருப்பு. கூடவே உப்பு, சீனி, தேயிலை, மிளகாய்த்தூள், தேங்காய் எண்ணெய், கருவாடு, சோயாமீட், ஐந்தாறு டின் மீன். வீட்டில் வழக்கமாகச் சாப்பிடாத எதையும் வாங்காதீர்கள், கஷ்டமான நாளில் பிள்ளைகள் புதுச் சாப்பாட்டைத் தொடவே மாட்டார்கள்.

வாங்குவது

ஒரே தடவையில் வேண்டாம். ஒவ்வொரு சம்பளத்திலும் வழக்கமான சாமானோடு மூன்று கிலோ அரிசியும், பருப்போ டின்னோ ஏதாவது ஒன்றும் கூடுதலாக எடுங்கள். ஐந்து மாதத்தில் அரிசி சேர்ந்துவிடும். அவித்த நெல்லின் நாட்டரிசியும் சம்பாவும் நன்றாக நிற்கும். சிவப்புப் பச்சையரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதை அன்றாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரம்தான் பெரிய எதிரி

இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நான் முதலில் வாங்கிய அரிசி மூட்டையைச் சுவரோடு சாய்த்து வைத்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அடிப்பக்கம் முழுக்கப் பூஞ்சணம் பிடித்து அள்ளிக் கொட்டினேன். நம் பக்கத்துப் பனியும் தூறலும் சிமெந்துத் தரை வழியாகவும் சுவர் வழியாகவும் ஏறும். இப்போது நான் செய்வது இதுதான். காலியான பெரிய சோடாப் போத்தல்களைக் கழுவி, கவிழ்த்து, அடுப்படிக்குக் கொஞ்சம் தள்ளி இரண்டு நாள் காயவைக்கிறேன். உள்ளே ஒரு துளி ஈரம் இருந்தாலும் அந்தப் போத்தல் வேண்டாம். அப்புறம் கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி வாயில் செருகி, பருப்பைக் கொட்டக் கொட்டப் போத்தலைத் தரையில் மெதுவாகத் தட்ட வேண்டும். தட்டினால் பருப்பு இறங்கி இன்னும் ஒரு பிடிக்கு இடம் கிடைக்கும். கழுத்து வரை நிரப்பி மூடியை இறுக்குங்கள். உள்ளே காற்று குறைந்தால் வண்டும் பெருகாது. அரிசிக்கும் இதே முறைதான், மாவுக்கு மட்டும் அகலவாய் டப்பா வசதி. எல்லாவற்றையும் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளையாக நின்றால் பயப்பட வேண்டாம், அது கெடவில்லை. டின் உப்பியிருந்தால் மட்டும் யோசிக்காமல் வீசிவிடுங்கள்.

போத்தலில் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள். பழையதை எடுத்துச் சமைத்து, புதியதைப் பின்னால் வையுங்கள். சேர்த்ததைத் தொடாமல் பூட்டி வைத்தால் ஒரு வருடத்தில் மா புழுத்துவிடும்.

விறகும் தண்ணீரும்

2022இல் காஸுக்கு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். காய்ந்த மிலாறு (கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) ஒரு கட்டு நனையாத இடத்தில் எப்போதும் இருக்கட்டும், நெருப்புப்பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். நுவரெலியா போல 1,800 மீட்டருக்கு மேலே உள்ள இடங்களில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடுவதால் கடலை, பயறு வேக நேரமெடுக்கும். முதல் நாள் இரவே ஊறப்போட்டால் விறகு மிச்சம்.

ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் மழைக்குக் கலங்கிவிடும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு நான்கு லீட்டர் கணக்குப் போட்டால் ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லீட்டர். மூடியுள்ள கேன்களில் பிடித்து வையுங்கள். கலங்கிய தண்ணீர் என்றால் துணியில் வடித்து, தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே குடியுங்கள்.

கதவோரம் ஒரு பை

இதுவரை சொன்னது வீட்டில் இருக்க முடிந்தால். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலையில் மண் சரிந்து லயங்களையே மூடியது. அந்த மாதிரி நேரத்தில் அரிசியை எடுக்க யாரும் உள்ளே ஓடக் கூடாது. அதனால் ஒரு தனிப் பை வேண்டும்: சமைக்கத் தேவையில்லாத பிஸ்கட், அவல், சீனி, வறுத்த கடலை, இரண்டு போத்தல் தண்ணீர், டோர்ச், பிரஷருக்கும் சீனி வியாதிக்கும் குடிக்கும் குளிசைகள், அடையாள அட்டைகளின் பிரதி. அவலைத் தண்ணீர் தெளித்துச் சீனி போட்டால் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. உங்கள் பகுதிக்கு மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை வந்தாலோ, சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பைக் கண்டாலோ, பையை எடுத்துக்கொண்டு உடனே வெளியேறுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் சொல்லுங்கள். சேர்த்த அரிசி போனால் போகட்டும்.

பையைக் கட்டி முடித்ததும் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, படியில் இறங்கச் சொல்லிப் பாருங்கள். அவருக்குக் கனமாக இருந்தால் இன்றைக்கே இரண்டு பையாகப் பிரித்துவிடுங்கள்.