ஊர்ப் பழைய சிவன் கோயிலின் வயதைச் சுவரிலேயே படிப்பது எப்படி?

கொங்கு நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் "எங்க கோயில் ஆயிரம் வருசத்துக் கோயிலுங்க" என்பார்கள். பல ஊர்களில் அது உண்மைக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் கோயிலில் எது அந்தக் காலத்தது, எது போன திருப்பணியில் வந்தது என்று கேட்டால் பதில் வராது. அடுத்த கும்பாபிஷேகத்துக்குள் ஊரில் ஒருவராவது அதைப் பார்த்து எழுதி வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பெயிண்டும் டைல்ஸும் எல்லாவற்றையும் மூடிவிடும்.

கோபுரத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கோபுரம், முன்மண்டபம், சுதை பொம்மைகள், வாசலில் நிற்கும் விளக்குத்தூண் எல்லாம் பெரும்பாலும் பின்னால் சேர்ந்தவை. நேராகக் கருவறையின் பின்பக்கம் போய்த் தரையில் உட்காருங்கள். அடியிலிருந்து மேலே பாருங்கள்: முதலில் ஜகதி என்கிற அடிக்கல் வரிசை, அதன்மேல் உருண்டையாகவோ எட்டுப் பட்டையாகவோ குமுதம், அப்புறம் உள்ளே வாங்கின கண்டம், வெளியே நீட்டின பட்டிகை. ஜகதியே கண்ணில் படவில்லையென்றால் பிராகாரத் தரையை உயர்த்திவிட்டார்கள் என்று அர்த்தம், அந்தக் கல்லில் எழுத்து இருந்தால் அதுவும் அடியில் போயிருக்கும்.

அடுத்தது போதிகை. சுவரோடு ஒட்டிய அரைத்தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்குகிற கல் அது. முற்காலச் சோழர் வேலை என்றால் வளைந்து, அலை அலையாக வரி ஓடும், அதைத் தரங்கம் என்பார்கள். அப்புறம் அலை போய், சாய்வாக வெட்டி நடுவில் ஒரு துண்டு முன்னே நீட்டியிருக்கிற வெட்டுப் போதிகை வருகிறது. விஜயநகர, நாயக்கர் காலத்தில் வாழைப்பூ மாதிரி மொட்டு கவிழ்ந்து தொங்கும். போதிகையை மட்டும் வைத்து நூற்றாண்டைச் சொல்லிவிடாதீர்கள், பழைய பாணியைப் பின்னாளிலும் சிற்பிகள் செய்வதுண்டு. கல்வெட்டோடு சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

கல்வெட்டைப் பார்க்க உச்சிவெயில் உதவாது. காலையிலோ சாயங்காலமோ வெளிச்சம் சாய்வாக விழும்போது போங்கள், அல்லது இருட்டினபின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். அதுவரை வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த கல்லில் வரிவரியாக எழுத்து நிழல் கட்டி நிற்கும். கோலமாவு, சாக்பீஸ், எண்ணெய் எதையும் தேய்க்கவே கூடாது. ஒன்றோடொன்று கொஞ்சம் மேவுகிற மாதிரி வரிசையாகப் படம் எடுத்தால் போதும்.

எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, 'ர'வும் துணைக்காலும் (ா) ஒன்றுபோலவே இருக்கும். பயப்படாமல் முதலில் கிரந்தத்தில் (வடமொழி எழுதப் பயன்பட்ட எழுத்தில்) உள்ள 'ஸ்வஸ்தி ஸ்ரீ'யைத் தேடுங்கள், அதையடுத்து அரசன் பெயர், 'யாண்டு' (ஆட்சியாண்டு), ஓர் எண். 'ய' மாதிரி இருக்கும் ௰ என்றால் பத்து. நம் பக்கத்துக் கோயில்களில் அடிக்கடி வரும் பெயர் வீரராஜேந்திரன், நிறையப் பேர் தடுக்கி விழுவதும் இங்கேதான். தஞ்சைச் சோழர் வழியில் வந்த வீரராஜேந்திரன் 1063 முதல் 1070 வரைதான் ஆண்டான். கொங்குச் சோழன் வீரராஜேந்திரன் 1207-இல் பட்டமேறி நாற்பது ஆண்டுக்கு மேல் ஆண்டவன். ஆகவே 'வீரராஜேந்திர தேவர்க்கு யாண்டு ௨௰௪' என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது 24-ஆவது ஆட்சியாண்டு, 1230 வாக்கில் வெட்டியது. எண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் படித்தால் கோயிலுக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது கூடிப்போகும்.

வரி நடுவில் அறுந்து, சம்பந்தமில்லாமல் வேறு செய்தி தொடர்ந்தால் எழுத்தைக் குறை சொல்லாதீர்கள், கோயிலைப் பிரித்துக் கட்டும்போது கல் இடம் மாறியிருக்கிறது. அந்தச் சுவர் கல்வெட்டைவிடப் பிந்தியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தக் கால நாட்டுப் பிரிவின் பெயரையும் கொடுத்தவர் யார் என்பதையும் பாருங்கள். பூந்துறை நாடு, குறுப்பு நாடு, வடபரிசார நாடு என்று வரும். 'வெள்ளாளன் சாத்தந்தைகளில்' என்பதுபோல் கூட்டத்தின் (குலப்பிரிவின்) பெயரோடு ஆளைச் சொல்லி, சந்தியா தீபத்துக்கு (அந்தி விளக்குக்கு) இத்தனை அச்சுக் காசு கொடுத்தான் என்று இருக்கும். அதே கூட்டத்தார் இன்றைக்கும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து வந்து அந்த வரியில் விரல் வைத்துக் காட்டுங்கள். நூறு மனு செய்யாததை அந்த ஒரு வரி செய்யும், அந்தச் சுவரில் பெயிண்ட் அடிக்க அவர்களே விடமாட்டார்கள்.

கண் பழக வேண்டுமென்றால் முதலில் நாமக்கல் குடைவரைகளுக்கு (பாறையைக் குடைந்த கோயில்களுக்கு) போங்கள், அதியமான் மரபினர் எட்டாம் நூற்றாண்டில் குடைந்தவை. விஜயமங்கலத்துச் சமணக் கோயிலையும் விடாதீர்கள், நெட்டைக் கோபுரம் என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

திருப்பணி தொடங்குமுன் கமிட்டிப் பெரியவர்களிடம் படங்களைக் காட்டி, கல்லைச் சுத்தம் செய்ய மணல்வீச்சு (சாண்ட் பிளாஸ்டிங்) வேண்டாம் என்று பேசிவிடுங்கள். மணல் பட்டால் எழுத்தின் ஓரம் தேய்ந்துவிடும், அதன்பின் எந்த டார்ச்சுக்கும் அது தெரியாது. தொல்லியல் துறைக்குக் கடிதம் எழுதி மைப்படி எடுக்கச் சொல்லுங்கள். ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி பிரஷ்ஷால் தட்டி மை ஒற்றுவார்கள், எழுத்து வெள்ளையாக விழும். அவர்கள் வரும்வரை சுவரில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.