அழிந்துபோன உள்ளானை எலும்பில் இனங்காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானது, அதில் பறவைப் புதைபடிவம் கிடைக்க வழியில்லை. ஆகவே உள்ளான் என்னும் நீர்க்கரைப் பறவையின் எலும்பை இனங்காண, சேலத்தில் என்னிடம் பயிலும் மாணவர்கள் எலும்பு வார்ப்புகளையும் அருங்காட்சியகப் படங்களையும் வைத்தே பழகுகிறார்கள். எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை இவர்களும் செய்வதைப் பார்த்து இதை எழுதுகிறேன். இடது, வலது எலும்பு மாறிப்போவது போன்றவை பழகப் பழகத் திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே ஓர் எலும்புக்கூட்டோடு ஒப்பிடுதல்

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது இதுதான். பெயர் எழுதாமல் நான் கொடுத்த இரண்டு கீழ்க்கால் எலும்பு வார்ப்புகளை ஒரு மாணவர் அளந்தார். சிறியது மேசையில் இருந்த மாதிரியோடு பொருந்தியது, பெரியது பொருந்தவில்லை. உடனே, "சார், இது புது இனம்" என்றார். இரண்டுமே ரஃப் என்னும் உள்ளானுடையவை. அதில் ஆண், பெண்ணைவிட மிகப் பெரியது. வேறு பல உள்ளான்களிலோ பெண்தான் சற்றுப் பெரியது. நியூசிலாந்தில் வாழ்ந்து அழிந்த, பறக்காத பெரிய பறவையான மோவாவின் எலும்புகளிலும் இப்படித்தான் நடந்தது: அளவை வைத்துத் தனித்தனி இனங்களாகப் பிரித்தவற்றில் சில, ஒரே இனத்தின் ஆணும் பெண்ணுமே என்று 2003-இல் டிஎன்ஏ ஆய்வு காட்டியது. அச்சேறிய இனப்பெயரை அழிக்க முடியாது. பின்னால் வருவோர் ஒவ்வொருவரும் அதை ஆராய்ந்து ஒதுக்க வேண்டியிருக்கும்.

ஒவ்வோர் இனத்திலும் வளர்ந்த ஆண், பெண் பலவற்றை அளந்து, அளவு எங்கிருந்து எங்குவரை மாறுகிறது என்று முதலில் பாருங்கள். பிறகு வடிவத்துக்கு வாருங்கள். டார்சோமெட்டாடார்சஸ் என்னும் கீழ்க்கால் எலும்பு என்றால், மேல்முனையின் பின்புறத்தில் தசைநாண் செல்லும் பள்ளங்களும் துளைகளும் எப்படி அமைந்துள்ளன, கீழ்முனையில் விரல்கள் பொருந்தும் மூன்று உருளைகளில் உட்புறத்தது எவ்வளவு மேலேறிப் பின்திரும்பியிருக்கிறது என்பவற்றை உருப்பெருக்கியில் பார்த்து வரைந்துகொள்ளுங்கள். பசிபிக்கின் ஹென்டர்சன் தீவில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு புரோசோபோனியா சாலி என்ற அழிந்த உள்ளானை 2020-இல் விவரித்தவர்கள், இன்றும் வாழும் துவாமோட்டு உள்ளானோடு அலகு, கால், இறக்கை மூன்றையும் ஒப்பிட்ட பிறகே பெயரிட்டனர்.

குஞ்சின் எலும்பை அளத்தல்

முனைகள் நுண்துளைகளோடு சொரசொரப்பாக இருந்தால் பறவை வளர்ந்து முடியவில்லை. அந்த நீளத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தேய்ந்த முனையை அளத்தல்

கூடவே கூடாது.

அனுமதியின்றி எலும்பு சேர்த்தல்

சேலத்தின் மூக்கனேரிக் கரையில் இறந்து கிடக்கும் உள்ளானை ஒப்பீட்டுக்கென்று வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 இருக்கிறது. முதலில் வனத்துறையிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள்.

ஒரே குகை, ஒரே பறவை என்று நினைத்தல்

ஒரு குகைத் தரையில் பல காலத்துப் பறவைகளின் எலும்புகள் கலந்து கிடக்கலாம். ஒன்றின் காலையும் மற்றொன்றின் இறக்கையையும் சேர்த்து விகிதம் கணக்கிட்டால், எங்கும் வாழ்ந்திராத ஒரு பறவைதான் தாளில் உருவாகும்.