மொட்டை மாடியில் முட்டை நூடுல்ஸ் காயவைக்காதீர்கள்: வீட்டில் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைதா, முட்டை, உப்பு. முட்டை நூடுல்ஸுக்கு வேண்டியது இவ்வளவுதான். மூன்றே பொருள் என்பதால் எளிது என்று நம்பிப் பலர் தொடங்குகிறார்கள். மூன்றே பொருள் என்பதால்தான் ஒன்றில் பிசகினாலும் மறைக்க வழியில்லை.

வேலூரில் இதற்குக் கிராக்கி உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். காட்பாடிப் பக்கம் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலேயே செய்து விற்கலாமே என்று என்னிடம் கற்றுக்கொள்ள வருபவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறார்கள். அவர்கள் மாவில் கை வைத்ததும், இந்த வேலையில் இறங்கிய காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த பிழைகள் அப்படியே வரிசை மாறாமல் வந்து நிற்கின்றன. மாவில் முட்டை ஓடு விழுவது, உப்பை மறப்பது போன்றவற்றை நான் பேசப் போவதில்லை. அவற்றை அவரவர் நாக்கே திருத்திவிடும். யாராவது சொன்னாலொழியத் தெரியாத தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைவது

100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை. ஓடு நீக்கினால் ஏறக்குறைய 50 கிராம். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஆகவே 100 கிராம் மைதாவுக்குக் கிடைக்கும் ஈரம் 37, 38 மில்லி. சப்பாத்திக்கு நாம் ஊற்றுவது 55 மில்லிக்கு மேல். இந்த வித்தியாசம் மனதில் இல்லாவிட்டால் கை தன்னால் தண்ணீர்ச் செம்பைத் தேடும். ஏனென்றால் பிசையத் தொடங்கிய முதல் நான்கைந்து நிமிடங்களுக்கு மாவு உதிரி உதிரியாகத்தான் இருக்கும். சேரவே சேராது என்று தோன்றும்.

சேரும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளித் தள்ளி எட்டு, பத்து நிமிடம் பிசையுங்கள். அப்போதும் மேல்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் கவலைப்படாமல் மூடி வையுங்கள். அரை மணி நேரத்தில் மாவு ஈரத்தைத் தானாக இழுத்துக்கொண்டு வழவழப்பாகிவிடும். முதலிலேயே தண்ணீர் ஊற்றியவர்களுக்குப் பிசைவது சுகமாக இருக்கும். வெட்டிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும்போதும், கொதிக்கும் தண்ணீரில் கரைந்து கஞ்சியாகும்போதும்தான் தெரியும்.

முட்டையை எண்ணிப் போடாமல் எடை போட்டுப் போடுங்கள். நாமக்கல்லிலிருந்து வரும் பண்ணை முட்டைகளிலேயே பெரிதும் சிறிதும் உண்டு. நாட்டுக்கோழி முட்டை இன்னும் சிறியது. பருவத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதாவே காற்றிலிருந்து ஈரம் வாங்கியிருக்கும். அதே அளவு முட்டை சேர்த்தாலும் மாவு தளர்ந்து வரும். சித்திரை, வைகாசியில் இறுகும். உண்மையிலேயே போதாது என்று தெரிந்தால் ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் விரலை நனைத்து நனைத்துச் சேருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

முறுக்கு அச்சில் பிழிவது

வேண்டாம். இறுகிய மாவு அச்சில் இறங்காது. இறங்குவதற்காகத் தண்ணீர் சேர்ப்பீர்கள். மேலே சொன்ன தவறில் போய் விழுவீர்கள். தேய்த்து, மடித்து, கத்தியால் வெட்டுங்கள்.

பிசைந்த கையோடு தேய்ப்பது

தேய்த்த மாவு பின்னுக்கு இழுத்துக்கொண்டு சுருங்குகிறது என்றால், அதற்கு ஓய்வு போதவில்லை என்று பொருள். பிசையும்போது மைதாவில் உள்ள புரதம் வலைபோலப் பின்னி விறைத்து நிற்கும். அது தளர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும். பொறுமையில்லாதவர்கள் கட்டையை அழுத்தி அழுத்தித் தேய்க்கிறார்கள். நடுவில் மெல்லிசாகவும் ஓரத்தில் தடிப்பாகவும் வருகிறது. வெந்ததும் பாதி குழைந்து, பாதி பச்சையாக இருக்கிறது. மாவை மூடாமல் வைக்காதீர்கள். கோடையில் பத்து நிமிடத்தில் மேலே தோல் கட்டிவிடும். அரை மணிக்கு மேல் வைப்பதானால், வெயில் காலத்தில் குளிர்சாதனப் பெட்டிதான் சரியான இடம்.

மஞ்சள் தூள்

போடாதீர்கள். இன்னும் நிறம் வேண்டுமென்றால் இரண்டு முட்டைக்கு ஒரு மஞ்சள் கருவும் 20 கிராம் மைதாவும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடியில் காயவைப்பது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரவழைக்கிற தவறு இதுதான்.

சித்திரை பிறந்துவிட்டால் நம் ஊரில் மாடி சும்மா இருக்கக் கூடாது. வடாம், வற்றல், மோர் மிளகாய் என்று ஏதாவது காய்ந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த வழக்கம் நல்ல வழக்கம். ஆனால் அதே கையோடு நூடுல்ஸையும் வெள்ளை வேட்டியில் பரப்பி, நான்கு மூலைக்கும் கல் வைத்து, காகம் வராமல் இருக்கக் கறுப்புத் துணி கட்டிவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறார்கள். நான் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், "இந்த வெயிலில் எது கெட்டுப்போகும்?" என்கிறார். நான் சொன்னது அந்த ஒரு வாக்கியத்தில் அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

எது கெட்டுப்போகும் என்று சொல்கிறேன். வடாம் கூழ் அடுப்பில் கொதித்து வெந்தது. அதில் முட்டை கிடையாது. காய்ந்த பிறகும் கொதிக்கிற எண்ணெயில் பொரித்துத்தான் உண்கிறோம். நூடுல்ஸ் மாவோ பச்சை மாவு. அதற்குள் பச்சை முட்டை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் உணவில் பாக்டீரியா பெருகும். மே மாதத்தில் வேலூரில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். கிருமியைக் கொல்ல அந்தச் சூடு போதாது, வளர்க்கத் தாராளமாகப் போதும்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு பெண் கற்றுக்கொள்ள வந்தார். கை நன்றாக ஓடும். தேய்த்தால் தாள் போல ஒரே சீராக வரும். முதல் ஆர்டர் கிடைத்த மகிழ்ச்சியில் ஒரு அட்டை முட்டை முழுவதையும் உடைத்து, 3 கிலோ மைதாவில் பிசைந்து, வெட்டி, கூடு கூடாகச் சுருட்டி, காலையில் மாடியில் பரப்பினார். மாலையில் அள்ளி எவர்சில்வர் டப்பாக்களில் அடைத்தார். ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது வாடை. டப்பாவோடு என்னிடம் வந்தார். "நன்றாகத்தானே காய்ந்திருந்தது அக்கா?" என்றார்.

கூட்டின் நடுவிலிருந்து ஓர் இழையை எடுத்து ஒடித்தேன். படக்கென்றுதான் ஒடிந்தது. ஒடிந்த முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். சுற்றிலும் வெளுத்த வளையம். நடுவில் மங்கிய மஞ்சளாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் ஊசியைக் குத்தியபோது இறங்கியது. கூட்டின் அடிப்பக்கம், துணியில் பட்ட இடத்தில், சாம்பல் நிறத்தில் பூஞ்சை தொடங்கியிருந்தது. அனல் காற்றில் மேல்பக்கம் சட்டென்று காய்ந்து ஓடு கட்டிவிடுகிறது. உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. டப்பாவில் அடைத்த பிறகு அந்த ஈரம் மெல்ல மெல்லப் பரவி எல்லா இழைக்கும் போய்ச் சேருகிறது. தொட்டுப் பார்த்து, ஒடித்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

உடனே ஒரு கேள்வி வரும்: கடையில் பாக்கெட் நூடுல்ஸ் மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கிறதே? தொழிற்சாலையில் பாஸ்டரைஸ் செய்த, அதாவது கிருமி சாகும் அளவுக்குச் சூடாக்கிய, முட்டையையோ முட்டைத் தூளையோ சேர்க்கிறார்கள். வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் அளந்து கட்டுப்படுத்தும் அறைகளில் உலர்த்துகிறார்கள். நம் மாடியில் அது எதுவும் இல்லை.

இன்னொரு கேள்வி: எப்படியும் கொதிக்கிற தண்ணீரில் போடத்தானே போகிறோம்? பச்சை முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா என்ற பாக்டீரியா கொதியில் செத்துப்போகும், உண்மை. ஆனால் நம் கையிலும் மூக்கிலும் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா மாவில் பெருகினால் நச்சுப் பொருளை உண்டாக்கும். பாக்டீரியா செத்தாலும் அந்த நச்சு கொதியில் அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று சில மணி நேரத்தில் படுக்க வைத்துவிடும்.

3 கிலோவையும் கொட்டச் சொன்னேன். முட்டைக் காசு, மைதாக் காசு, ஒரு நாள் உழைப்பு, முதல் வாடிக்கையாளர் என்று எல்லாம் போயிற்று. அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆர்டர் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். மருத்துவமனைப் பக்கம் ஒரு லாட்ஜில், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்து படுத்திருப்பவரின் தட்டுக்குப் போக வேண்டியது அது. இந்த ஊரில் உணவு விற்கிற யாருக்கும் இதில் அசட்டை கூடாது. கற்றுக்கொள்ள வருபவர்களிடம் நான் குரலை உயர்த்துவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

சரியான முறை மிகச் சுலபம். வெட்டிய இழைகளை வீட்டுக்குள், மின்விசிறிக்கு அடியில், சுத்தமான துணியில் பரப்புங்கள். பிசுபிசுப்பு அடங்கப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில் வெளியே வைக்கும் நேரம் மொத்தம் ஒரு மணியைத் தாண்டக் கூடாது. பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு நாளுக்குள் சமைத்துவிடுங்கள். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் ஃப்ரீசர்தான். முதலில் தட்டில் பரப்பி உறைய வைத்து, இழைகள் விறைத்த பிறகு பையில் கட்டுங்கள். ஒரு மாதம் நன்றாக இருக்கும். சமைக்கும்போது உறைநிலையிலிருந்து எடுத்து நேராகக் கொதிநீரில் போடுங்கள். வெளியே வைத்து இளக விட்டால் மொத்தமும் ஒரே கட்டியாகிவிடும்.

மேலே மைதா தூவுவது

இழைகள் மைதாவைக் குடித்துவிட்டு மறுபடி ஒட்டும். கார்ன்ஃப்ளார் அல்லது அரிசி மாவு தூவுங்கள். வேகவைக்கும் முன் உதறிவிடுங்கள்.

சின்னப் பாத்திரத்தில் வேகவைப்பது

100 கிராம் நூடுல்ஸுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தளதளவென்று கொதிக்க வேண்டும். பாத்திரம் சிறியதானால் நூடுல்ஸ் விழுந்ததும் கொதி அடங்கிவிடும். அடங்கிய தண்ணீரில் இழைகள் அடியில் படிந்து ஒட்டும். கையால் வெட்டிய புது நூடுல்ஸுக்கு இரண்டு, மூன்று நிமிடம் போதும். வாணலியில் காய்கறியோடு வதக்கப் போகிறீர்கள் என்றால் அரை நிமிடம் முன்னதாகவே வடித்து, குளிர்ந்த குடிநீரில் அலசி, தட்டில் பரப்பி ஆற விடுங்கள். சூட்டோடு குவித்து வைத்தால் அந்தச் சூட்டிலேயே மேலும் வெந்து குழையும். சால்னா ஊற்றிச் சாப்பிடுவதானால் அலச வேண்டாம். மேலே படிந்திருக்கும் மாவுப்பசைதான் குழம்பைப் பிடித்து வைக்கும். இந்த இரண்டாவது வகைதான் எனக்குப் பிடித்தது, அதிலும் முட்டை சால்னாவோடு.

கொதிநீரில் எண்ணெய் ஊற்றுவது

வீண். எண்ணெய் மேலே மிதக்கும், நூடுல்ஸ் அடியில் வேகும். வடித்த பிறகு ஒரு தேக்கரண்டி விட்டுப் புரட்டுங்கள்.

இயந்திரத்தைக் கழுவுவது

மாவைத் தேய்க்கக் கையால் சுற்றும் உருளை இயந்திரம் வாங்கியவர்கள் அதைக் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே பல்சக்கரம் துருப்பிடிக்கும். மைதாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்து ஒரு சிறு உருண்டை பிசைந்து, உருளை வழியே நாலைந்து முறை ஓட்டித் தூக்கி எறியுங்கள். ஒட்டியிருந்ததெல்லாம் அதோடு வந்துவிடும். மிச்சத்தைக் காய்ந்த தூரிகையால் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்து, பல்லிடுக்கில் மாவுத் துணுக்கு இல்லை என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே பெட்டியில் வையுங்கள்.